இதயத்தில் ஓட்டையோடு தசைக் கோளாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்றால் இன்று குமரி மாவட்டத்தில் யாருக்கும் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. தெருவில் ஒருவருக்காவது அடைத்திருப்பார்கள், யாரிடம் போக வேண்டும் என்று பக்கத்து வீட்டிலேயே வழி சொல்வார்கள். ஆனால் சில பிள்ளைகளின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ஓட்டையைப் பற்றிய வரிக்குக் கீழே 'எல்வி நான்-கம்பேக்ஷன்' என்று, இதயத் தசைக் கோளாறைச் சொல்லும் இன்னொரு வரி இருக்கும். அதை யாரும் வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தைகள் இதய வார்டில் நர்ஸாக வேலை பார்த்த காலத்திலிருந்து இன்றுவரை தாய்மார்களும் தகப்பன்மார்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான்-கம்பேக்ஷன் என்றால் என்ன?

எல்வி என்பது இதயத்தின் இடது கீழ் அறை. அதுதான் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிறது. கரு உருவாகும் முதல் வாரங்களில் அதன் சுவர் கெட்டியாக இருக்காது. மெல்லிய தசை இழைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். இதயத்துக்கென்று தனி ரத்தக் குழாய்கள் அப்போது வந்திருக்காது என்பதால் அந்த இடைவெளிகளில் புகும் ரத்தமே தசைக்கு ஊட்டம். சுமார் ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் அந்த வலை மேலிருந்து நுனிப்பக்கமாக நெருங்கி இறுகி, கெட்டிச் சுவர் ஆகிறது.

அந்த இறுக்கம் பாதியில் நின்றால் சுவர் இரண்டு அடுக்காக இருந்துவிடும். வெளியே ஒல்லியான கெட்டி அடுக்கு. உள்ளே காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி பின்னலும் ஆழமான குழிகளுமாக ஒரு தடித்த அடுக்கு. இதயத்தின் நுனியிலும் பக்கவாட்டுச் சுவரிலும்தான் இது அதிகம். சில பிள்ளைகளுக்கு வலது அறையிலும் இருக்கும். 1926 இலேயே இப்படிப்பட்ட ஒரு குழந்தையின் இதயத்தை விவரித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1980களில் எக்கோ பரவிய பிறகுதான் உயிரோடு இருப்பவர்களிடம் இதைப் பார்க்க முடிந்தது. இன்றைய பெயர் 1990 இல் வந்தது.

ரிப்போர்ட்டில் அந்த வரி இருந்தால் நோய் உறுதிதானா?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது.

எக்கோ அறையில் பிள்ளையை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, குளிர்ந்த ஜெல் தடவி, கருவியை இடது மார்புக்குக் கீழே வைப்பார்கள். திரையில் இதயத்தின் நுனி தெரியும். சுவரின் உள்விளிம்பு ஒரே கோடாக இல்லாமல் பல்பல்லாகத் தெரிந்தால், டாக்டர் கலர் டாப்ளரைப் போடுவார். சிவப்பும் நீலமுமாக ரத்தம் அந்தப் பற்களுக்கு இடையே, குழிகளின் அடிவரை போய் வருவது தெரியும். அப்புறம் இரண்டு அடுக்கையும் அளப்பார். 2001 இல் சூரிச் டாக்டர்கள் வகுத்த கணக்குப்படி, இதயம் சுருங்கி நிற்கும் நேரத்தில் உள் அடுக்கு வெளி அடுக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். எம்ஆர்ஐயில் இதயம் விரிந்து நிற்கும்போது அளக்கிறார்கள். அங்கே கணக்கு 2.3 மடங்குக்கு மேல்.

இந்த அளவு மட்டும் வந்தால் போதாது. கடுமையாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்கும், கர்ப்பிணிகள் சிலருக்கும் இதே பின்னல் தெரியும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் அது மறைந்தும் போகும். ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் தனியொரு தசைநோயாகவே எண்ணவில்லை, பல நோய்களிலும் நல்ல இதயத்திலும் காணக்கூடிய ஓர் அமைப்பு என்றே சொல்கிறது. ஆகவே அந்த ஒரு வரியைப் பார்த்து அழாதீர்கள். இதயம் தள்ளும் திறன் எவ்வளவு, இசிஜி எப்படி, வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறோ இளவயதில் திடீர் மரணமோ உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் பிறவி ஓட்டையோ வால்வுக் கோளாறோ கூடவே இருக்கிற பிள்ளைக்கு அந்த வரி வந்தால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டும் ஒரே பிள்ளைக்கு வருவது ஏன்?

கருவில் சுவர் இறுகுவதும், அறைகளுக்கு நடுவில் தடுப்பு எழும்புவதும், வால்வுகள் உருவாவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடக்கின்றன. அதை நடத்தும் மரபணுக்களிலும் பல பொதுவானவை. ஒன்று தடுமாறினால் இன்னொன்றும் தடுமாற வாய்ப்பு உண்டு.

அதிகம் சேர்ந்து வருபவை கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை, மேல் அறைகளுக்கு நடுவே ஓட்டை, பிறந்ததும் மூட வேண்டிய குழாய் மூடாமல் இருப்பது, மூன்று இதழ் இருக்க வேண்டிய மகாதமனி வால்வு இரண்டு இதழோடு இருப்பது, மகாதமனியில் ஓரிடம் குறுகியிருப்பது. இவை தவிர எப்ஸ்டீன் கோளாறைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலது பக்க வால்வின் இதழ்கள் தம் இடத்தில் ஒட்டாமல் கீழே இறங்கி ஒட்டியிருக்கும். ரத்தம் பின்னால் கசிந்து வலது மேல் அறை வீங்கிப்போகும். எம்ஒய்எச்7 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள சில குடும்பங்களில் எப்ஸ்டீனும் நான்-கம்பேக்ஷனும் கைகோத்து வருகின்றன. எப்ஸ்டீன் உள்ளவர்களுக்கு இதயத்தில் ஒரு குறுக்கு மின்பாதையும் இருப்பதுண்டு. திடீரென்று துடிப்பு எகிறும்.

ஆண் பிள்ளைக்கு தசைக் கோளாறோடு அடிக்கடி தொற்று, வெள்ளை அணுக் குறைவு, தளர்ந்த கை கால், வளர்ச்சிக் குறைவு எல்லாம் சேர்ந்திருந்தால் பார்த் (Barth) நோய்க்குறி இருக்கலாம். இது தாய் வழியாக மகனுக்கு வருவது. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

ஓட்டையை அடைத்தாச்சு. இனி பயமில்லைதானே?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஓட்டை அடைபட்டது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. கீழ் அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால், தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போய்த் திரும்ப இடது அறைக்கே வந்து சேரும். ஏற்கெனவே இறுகாத தசை, அதற்கு இந்த இரட்டைச் சுமை வேறு. அடைத்ததும் அந்தச் சுமை இறங்குகிறது. பிள்ளை பால் குடிக்கும், எடை ஏறும், ஓடும். வீட்டுக்காரர்களுக்கு உயிர் வந்தது மாதிரி இருக்கும்.

ஆனால் தையலோ குடை மாதிரி விரியும் அடைப்புக் கருவியோ ஓட்டையைத்தான் மூடுகிறது. சுவரின் பின்னல் அப்படியேதான் இருக்கிறது. அடைத்த உடனே சில பிள்ளைகளுக்கு தள்ளும் திறன் முன்பைவிடக் குறைந்துகூடத் தெரியும். ரத்தம் சுலபமாகக் கசிந்து போய்க்கொண்டிருந்த வழி மூடி, இனி முழுவதையும் உடம்பின் அழுத்தத்துக்கு எதிராகவே தள்ள வேண்டியிருப்பதால் அப்படி. பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் தேறும். தசை பலவீனமாக இருந்தால் தேறுவது மெதுவாக நடக்கும்.

இன்னொன்று உண்டு, அதுதான் ஏமாற்றுவது. கைக்குழந்தையாக இருக்கும்போது இதயம் மிக மோசமாக இருந்து, மருந்தில் நன்றாகத் தேறி, எக்கோ கிட்டத்தட்ட இயல்புக்கு வந்து, பல வருஷம் கழித்து மறுபடி தளர்வது இந்த நோயில் அறியப்பட்ட போக்கு. நடுவில் இருக்கும் அந்த நல்ல வருஷங்களில்தான் குடும்பங்கள் செக்கப்பை விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகுது, சைக்கிள் ஓட்டுது, எதுக்கு மறுபடி திருவனந்தபுரம் போய் ஒரு நாள் கூலியைப் போக்கணும் என்று தோன்றும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன், ஓட்டைக்கான செக்கப் ஒருநாள் முடியலாம், தசைக்கான செக்கப் ஆயுளுக்கும் உண்டு. பிள்ளை நன்றாக இருந்தாலும் டாக்டர் சொன்ன இடைவெளியில், பொதுவாக வருஷத்துக்கு ஒரு முறையாவது, எக்கோவும் இசிஜியும் பாருங்கள். சில வருஷங்களுக்கு ஒரு தடவை இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதியும் ஹோல்டர் பரிசோதனையும் வேண்டியிருக்கும்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். டாக்டருக்கு ஒரு எக்கோவைவிட, வரிசையாக நான்கு எக்கோவில் தள்ளும் திறனின் எண் எப்படி நகர்ந்திருக்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

கைக்குழந்தையிடம் என்ன கவனிக்க வேண்டும்?

பால் குடிக்கும்போது நெற்றியைப் பாருங்கள். ஃபேன் ஓடும்போதும் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தால், கொஞ்சம் குடித்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கினால், களைத்துத் தூங்கி அரை மணியில் மறுபடி பசித்து அழுதால், அது இதயம் சிரமப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுக்கும். எடை ஏறாது. அடிக்கடி நெஞ்சுச்சளி என்று ஆவி பிடிக்கவும் நெபுலைசர் வைக்கவும் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பீர்கள். ஒரு தடவை இதயத்தையும் பார்த்துவிடுங்கள் என்று நீங்களே கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

பெரிய பிள்ளைகள் படியேறும்போது பின்தங்குவார்கள், சாப்பாடு இறங்காது, வயிறு வலி என்பார்கள். இதயத் தளர்ச்சியில் குழந்தைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் வருவது பலருக்குத் தெரியாது. அல்சர் மருந்தோடு நாட்கள் போய்விடும்.

என்ன மருந்து கொடுப்பார்கள்? இதைக் குணப்படுத்த முடியாதா?

பின்னலை இறுக்கும் மருந்து கிடையாது. வரக்கூடிய மூன்று ஆபத்துக்கு மருந்து உண்டு. இதயம் தளர்வது, துடிப்பு தாறுமாறாவது, குழிகளில் ரத்தம் தேங்கி உறைவது. தளர்ச்சிக்கு எனலாப்ரில், கார்வெடிலால், ஸ்பைரோனோலாக்டோன், நீர் மாத்திரை போன்றவை. நீர் மாத்திரையைக் காலையிலேயே கொடுத்தால் ராத்திரி தூக்கம் கெடாது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால், எத்தனை மில்லியில் கரைத்து எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்பதை சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே மருந்தாளுநரிடம் கேட்டு, முதல் டோஸை அவர் முன்னால் அளந்து காட்டுங்கள்.

வாந்தியும் பேதியும் வந்து பிள்ளை காய்ந்து போயிருக்கும் நாளில் நீர் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆபத்தான துடிப்பு வந்தவர்களுக்கும், தள்ளும் திறன் மிகக் குறைந்துபோன பெரியவர்கள் சிலருக்கும், ஷாக் கொடுத்து உயிரைக் காக்கும் ஐசிடி கருவியைத் தோலுக்கடியில் வைப்பார்கள். எதிலும் தேறாதவர்களுக்கு இதய மாற்று. தமிழ்நாட்டில் அதற்கான பதிவும் வரிசையும் அரசின் உறுப்பு மாற்று ஆணையம் வழியாக நடக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடும்போது எதில் கவனம்?

எல்லோருக்கும் இது தேவைப்படாது. தள்ளும் திறன் குறைந்தவர்களுக்கும், மேல் அறைத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும், இதயத்தில் ஏற்கெனவே ரத்தம் உறைந்த கட்டி கண்டவர்களுக்கும் கொடுப்பார்கள். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்றால், ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை கட்டாயம். பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் ரத்தம் கசியும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கும் லேபில் பார்க்கலாம், இதற்காக ஒவ்வொரு தடவையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். எண்ணைத் தேதியோடு குறித்து வைத்தால் போதும்.

முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஐஎன்ஆரைக் குலைக்கும். எப்போதும் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. வர்ம வைத்தியம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் உழிச்சலுக்கோ அழுத்தித் தடவுவதற்கோ போனால் உள்ளே ரத்தக் கட்டு வரும். போகும் முன் ஆசானிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். கஷாயம், லேகியம் எது சாப்பிட்டாலும் இதய டாக்டரிடம் மறைக்காதீர்கள். மூட்டு வலி, பல் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் கேட்டு வாங்குவது இதைவிடப் பெரிய ஆபத்து. அது ரத்தக் கசிவையும் கூட்டும், உடம்பில் நீரையும் தேக்கும்.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

உப்புதான். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடலாம், கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். கருவாட்டைக் கழுவினால் உப்பு போய்விடும் என்பார்கள். மேலே ஒட்டியிருப்பதுதான் போகும், உள்ளே ஊறியது போகாது. எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அவர்கள் இளநீரையும் ஏத்தன்பழத்தையும் (நேந்திரம்பழம்) தினசரி வழக்கமாக்கும் முன் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கே காட்டுவது? செலவு?

முதல் எக்கோவுக்கு ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்து, பிறவி இதயக் கோளாறு சந்தேகம் வந்தால் மேலே அனுப்பி வைக்கும். தசையும் ஓட்டையும் சேர்ந்த சிக்கலுக்குக் குழந்தைகள் இதய நிபுணர் வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் போவது நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு. சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் சேரலாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே அட்டையை எடுத்துவிடுங்கள், பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனையில் அது செல்லுமா என்பதைக் கிளம்பும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்களும் பார்க்க வேண்டுமா? சொந்தத்தில் கட்டியதால்தான் வந்ததா?

பார்க்க வேண்டும். தாய், தகப்பன், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு எக்கோவும் இசிஜியும் எடுங்கள். ஒரு தொந்தரவும் இல்லாத தகப்பனுக்கு அப்போதுதான் தெரிய வருவதும் உண்டு. பெரும்பாலான குடும்பங்களில், பெற்றோரில் ஒருவரிடம் மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இதற்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. இருவரிடமும் ஒளிந்திருக்கும் மாற்றம் சேர்ந்து வரும் சில வகைகளுக்கு மட்டும் சொந்தக் கல்யாணம் வாய்ப்பைக் கூட்டும். பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. 'உன் வீட்டு வழி, என் வீட்டு வழி' என்று மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்தில் அந்தப் பெண் சாப்பிட்டதோ கிரகணத்தில் வெளியே வந்ததோ காரணம் கிடையாது. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்று தனி எக்கோ எடுங்கள், வழக்கமான ஸ்கேனோடு நிறுத்த வேண்டாம். இந்த நோய் உள்ள பெண் கர்ப்பம் தரிக்க விரும்பினால் அதற்கு முன்பே டாக்டரிடம் போகட்டும். எனலாப்ரில் வகை மருந்துகளும் வார்ஃபரினும் கருவைப் பாதிக்கும், முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். தானாக நிறுத்தவும் கூடாது.

பந்து விளையாடலாமா? கடலுக்குப் போகலாமா?

தூத்தூர், சின்னத்துறை மாதிரிக் கடற்கரை ஊர்களில் பையனைப் பந்து விளையாடக் கூடாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தள்ளும் திறன் இயல்பாக, ஹோல்டரில் கெட்ட துடிப்பு இல்லாமல், மயக்கம் வந்ததில்லை என்றால் சும்மா விளையாட டாக்டர் விடலாம். திறன் குறைந்தவர்களும் மயங்கியவர்களும் போட்டி ஆட்டத்தில் இறங்கக் கூடாது. பையனிடமே எக்கோ படத்தைக் காட்டி டாக்டரை விளக்கச் சொல்லுங்கள், வீட்டில் ஒளித்து வைத்தால் அவன் ஒளிந்து விளையாடுவான்.

ஆழ்கடல் தொழில் வேறு விஷயம். வாரக்கணக்கில் கரை திரும்பாத படகில் துடிப்பு எகிறினால் என்ன செய்வது? ஐஎன்ஆர் எங்கே பார்ப்பது? இந்த நோய் உள்ளவர், அதுவும் மாத்திரையோ ஐசிடியோ உள்ளவர், கரையில் ஒரு வேலையைத் தேடுவதுதான் சரி என்பது என் கருத்து. ஐசிடி உள்ளவர் வெல்டிங் வேலைக்கும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?

அடைக்காத, நீலம் பாரிக்கும் வகைக் கோளாறு, செயற்கை வால்வு, ஓட்டை அடைத்து ஆறு மாதத்துக்குள் இருப்பது, அடைத்த இடத்தில் இன்னும் கசிவு, முன்பு இதயத்தில் தொற்று வந்தது. இதில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். மற்றவர்கள் தினமும் பல்லைச் சுத்தமாக வைத்தாலே பெரிய பாதுகாப்பு.

பிள்ளை எத்தனை வயது இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கதவு சாத்திய பிறகுதான் கேட்பார்கள். முதல் வயதுக்குள் கடுமையான தளர்ச்சியோடு வரும் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம், அதை மறைப்பதில் பயனில்லை. தள்ளும் திறன் நன்றாக இருந்து, துடிப்பு ஒழுங்காக இருப்பவர்கள் படித்து, வேலைக்குப் போய், பேரப்பிள்ளை பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை நோயின் பெயர் சொல்லாது, அவனுடைய எக்கோ வரிசைதான் சொல்லும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

மயங்கி விழுந்தால், அதுவும் ஓடும்போது விழுந்தால். உட்கார்ந்திருக்கையிலேயே படபடப்பு அடங்காமல் முகம் வெளுத்தால். வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால். படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால். குழந்தையின் உதடு நீலமானால். 108க்கு அழைத்து, 'இதயத் தசைக் கோளாறு உள்ள பிள்ளை' என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

விழுந்தவருக்கு மூச்சு இல்லை என்றால் சோடா தெளிப்பதிலும் சாவியைக் கையில் திணிப்பதிலும் நேரம் போக்காதீர்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை ஆழமாக அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றி நிறுத்தாமல். சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும், கைக்குழந்தைக்கு இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால் அழுத்துங்கள். வீட்டில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், இந்த இரண்டு பேராவது இதைக் கற்று வைத்திருக்க வேண்டும்.